அதுலருந்து

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கம்பம் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் அப்படிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஆனால் தமிழ் பேசுகிற ஆண் யாராக இருந்தாலும் கொச்சிக்காரர்களுக்கு அண்ணாச்சி. அவர் அதைத் திருத்தவில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான தம்பி," என்றார் ஒருமுறை. நான் அண்ணே என்பேன்.

மிளகு வியாபாரம் செய்த ஒரு சேட்டுவின் பிக்கப் வண்டியை அவர் ஓட்டினார். முன்னால் ஜீப் முகம், பின்னால் திறந்த தட்டு. குமுளியிலும் கட்டப்பனையிலும் வாங்கிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பீருமேடு இறங்கி, கோட்டயம், வைட்டிலா, துறைமுகப் பாலம் என்று வந்து பஜார் ரோட்டுக் கிடங்கில் சேர்ப்பது வேலை. எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஒரு நாளிதழுக்கு மிளகு விலையும் சுக்கு விலையும் எழுதிக்கொண்டிருந்தேன். விலை சொல்ல சேட்டுவுக்கு மனம் வரும்வரை கிடங்கு வாசலில் காத்திருப்பது என் வேலையின் பெரும்பகுதி. அப்படித்தான் அவரையும் அவருடைய பெட்டியையும் பார்க்க நேரம் கிடைத்தது.

அது ஒரு பழைய தேயிலைப் பெட்டி. விளிம்புகளில் தகரப் பட்டை அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டி. மலைத் தோட்டங்களிலிருந்து துறைமுகத்துக்குத் தேயிலை வரும் வகை. அதற்கு மூடியும் கீலும் அவரே வைத்திருந்தார். வண்டித் தட்டில் கேபினை ஒட்டிய மூலையில், சரியாக ஒரு மூட்டையின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாதாங்கி உண்டு, பூட்டு கிடையாது. "ஒரு தடவ சாவி தொலஞ்சுபோச்சு. அதுலருந்து," என்றார்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது துறைமுகப் பாலத்தில். பாலத்தின் நடுவில் ஒரு கார் நின்றிருந்தது. அடியிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஒரு வண்டி நின்றால் துறைமுகம் இருக்கும் தீவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாமே நின்றுவிடும். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் பெட்டியைத் திறந்து, துணி துவைக்கும் பார் சோப்புத் துண்டு ஒன்றை எடுத்தார். கொஞ்சம் நனைத்து, காருக்கு அடியில் படுத்து, டேங்கின் விரிசலில் மெழுகுவதுபோல் அழுத்தித் தேய்த்தார். ஒழுகல் நின்றது. கார்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மீதிச் சோப்பைக் காகிதத்தில் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், "சோப்பெல்லாம் வச்சிருக்கீங்களே அண்ணே," என்றேன்.

"ஏற்றுமானூர்ல ஒரு தடவ நம்ம டேங்க் ஒழுகிச்சு தம்பி. சாயாக்கடைக்காரர்கிட்ட சோப்பு வாங்கி அடச்சேன். அதுலருந்து."

பெட்டி முழுக்க இப்படித்தான். நடக்கக்கூடியதற்காக அவர் எதையும் எடுத்துவைத்ததில்லை. நடந்ததற்கு மட்டும். அவருக்கு நடந்ததற்கு மட்டும். வண்டிப்பெரியாறில் ஒரு மூட்டை கிழிந்தது. அதிலிருந்து கோணி ஊசியும் சணலும். ஒரு கோடை மழையில் சரக்கு நனைந்தது. அதிலிருந்து சொந்தக் காசில் வாங்கிய ஒரு தார்ப்பாய். ஒரு ஹோஸ் வெடித்தது. அதிலிருந்து நாடாவாக வெட்டிய சைக்கிள் டியூப். பீருமேட்டு மூடுபனியில் பழுதாகி நின்ற வண்டியின் பின்தட்டை ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. அதிலிருந்து மனைவியின் பழைய சிவப்புப் பாவாடையில் கிழித்த ஒரு பெரிய துணி. முண்டக்கயத்துக்கு மேலே ஃபேன் பெல்ட் அறுந்தபோது மாற்று பெல்ட் இல்லை. கட்டியிருந்த வேட்டியை முறுக்கிக் கட்டி, அடிவாரம்வரை டிராயரோடு ஓட்டிவந்தார். அதிலிருந்து பெட்டியில் இரண்டு பொருள் சேர்ந்தன: ஒரு ஃபேன் பெல்ட், ஒரு வேட்டி.

அவருடன் மலைக்குப் போய்வரும் சுமைக்காரர் பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். தமிழ் வீட்டில் பிறந்து மலையாளத் தெருவில் வளர்ந்தவர். இரண்டு மொழியிலும் கேலி செய்வார். பெட்டியில் இரண்டு தண்ணீர்க் கேன் இருந்தது. ஒன்றின் கழுத்தில் முடிச்சுப்போட்ட கயிறு, அது ரேடியேட்டருக்கு. கயிறு வந்ததற்குக் காரணம் ராவுத்தர்தான். "தாகத்துல மாத்திக் குடிச்சேன் சாரே. அதுலருந்து கேனுக்குக் கயிறு, எனக்கு வயித்துல துரு," என்பார்.

பெட்டியில் இல்லாத பொருள்களைப் பார்த்தால்தான் மனிதர் புரிவார். பஞ்சு இல்லை, டிஞ்சர் இல்லை. முதலுதவிக்கு ஏதாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"யாருக்கும் ரத்தம் வரலையே தம்பி."

"கேட்டீங்களா சாரே," என்றார் ராவுத்தர். "அண்ணாச்சி டிஞ்சர் வாங்கணும்னா நான் ஒரு கால ஒடச்சுக்கணும், அல்லே?"

"ஒடச்சுக்கிட்டா வாங்குறேன்."

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நடக்காத ஒன்றுக்காக ஒரு பொருளை எடுத்துவைப்பது அதை வா என்று கூப்பிடுவது போல என்று அவர் நினைத்தாரா, இல்லை, நடந்தது ஒன்றையும் மறக்கக் கூடாது என்பதுதான் விஷயமா என்று எனக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வந்த சங்கடங்கள் எல்லாம் துடைத்து, மடித்து, இடம் ஒதுக்கி வைத்திருப்பது தெரியும். அதில் ஒரு வரிசை இருந்தது. ராவுத்தர் ஒருமுறை கோணி ஊசியை இடம் மாற்றி வைத்ததற்கு அவரோடு கோட்டயம்வரை பேசவில்லை.

பெட்டியின் அடியில், பழைய பால்பவுடர் டின் ஒன்றில் மிளகு இருந்தது.

அதற்கும் கதை உண்டு. வண்டிப்பெரியாறு தாண்டி ஒரு ஏற்றத்தில் ரேடியேட்டரில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து தண்ணீர் பீச்சியது. மலை டிரைவர்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும்: மிளகை இடித்து ரேடியேட்டரில் போட்டால் அந்தத் தூள் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வண்டி நிறைய மிளகு இருந்தது. ஆனால் அது சேட்டுவின் மிளகு. ராவுத்தரைச் சாட்சிக்கு நிற்கச்சொல்லி ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து, கல்லில் நசுக்கிப் போட்டார். ஒழுகல் அடங்கியது. கிடங்குக்கு வந்ததும், மூட்டை இறக்குமுன் சேட்டுவிடம் போய்ச் சொன்னார். சேட்டுவின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருந்தது. மலையாளம் சரளம், தமிழ் சுமார். "ரேடியேட்டருக்கு ரசம் வச்சுக் குடுத்தியா அண்ணாச்சி," என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்ற நானும் சிரித்தேன்.

அதிலிருந்து டின்னில் மிளகு. இடக்கொச்சியில் அவர் குடியிருந்த வாடகை வீட்டில் முள்முருங்கை மேல் ஏறிய ஒரு மிளகுக் கொடி. அதில் காய்த்ததை மனைவி காயவைத்துக் கொடுத்தது. மஞ்சள்தூளும் ஓட்டையை அடைக்குமாமே, அதை வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு மெக்கானிக் சொன்னார். "அன்னைக்கு அடச்சது மிளகு," என்று முடித்துவிட்டார்.

இங்கே பஜார் ரோட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிடங்கிலிருந்து வெளியே வரும் சுமைக்காரர்கள் வாசலில் நின்று வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறுவார்கள். மடிப்பில் மிளகு இல்லை என்று காட்ட. யாரும் கேட்பதில்லை, பல் துலக்குவது போல ஒரு பழக்கம். உதறும்போதே பேசிக்கொண்டும் பீடி பற்றவைத்துக்கொண்டும் இருப்பார்கள். டிரைவர்கள் உதறுவதில்லை, அவர்கள் கிடங்குக்கு உள்ளே போவதில்லை. அந்தத் தெருவில் ஒருவன் கையில் சொந்த மிளகு என்று ஒன்று இருக்க முடியாது. மிளகு என்றால் அது யாரோ ஒரு முதலாளியின் மிளகு. அங்கே வேலை பார்த்துக்கொண்டு வீட்டு மிளகை வண்டியில் எடுத்துவரும் ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சேட்டுவுக்குப் பிள்ளைகளில் ஆண் இல்லை. கோயம்புத்தூர்க் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் பொறுப்பேற்க வந்தார். சுறுசுறுப்பானவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நேரில் பார்ப்பவர். வந்த சில நாளில் பிக்கப்பின் தட்டைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டி இருக்கற இடத்துல ஒரு மூட்டை ஏத்தலாமே."

"அவசரத்துக்கு வேண்டிய சாமான், சின்ன முதலாளி," என்றார் இவர்.

"ஜாக்கியும் ஸ்பேனரும் சீட்டுக்கு அடியில வச்சுக்கலாம். மத்தது என்னன்னு பார்ப்போம். எறக்குங்க."

சுமைக்காரர்கள் பெட்டியை இறக்கி, தெருவில் ஒரு சாக்கை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். வேட்டி வந்தபோது சிரித்தார்கள். சிவப்புத் துணியை ஒருவர் தலையில் கட்டிக் காட்டினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் டின். மருமகனே மூடியைத் திறந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"இது யாரோடது?"

"என்னோடது, சின்ன முதலாளி. வீட்டுக் கொடியில காச்சது."

"டிரைவருக்கு எதுக்கு மிளகு?"

"ரேடியேட்டருக்கு."

பின்னால் யாரோ களுக்கென்றார். மருமகனுக்கு அது தன்னைக் கேலி செய்ததாகப் பட்டிருக்க வேண்டும். முகம் மாறியது.

"சின்ன முதலாளி, அது சத்தியமா," என்று ராவுத்தர் முன்னால் வந்தார். "வண்டிப்பெரியாறுல ஞான் கூட நின்னதா..."

"நீயும் அவரும் ஒரே வண்டிதானே ராவுத்தரே."

எனக்கும் அந்த விஷயம் தெரியும், முன்பு இவரே வந்து சொன்னபோது நானும் இங்கே இருந்தேன் என்றேன். மருமகன் என்னைப் பார்த்தார். "நீங்க விலை கேக்க வந்தவர். விலை சொல்லியாச்சுல்ல?"

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். சேட்டு உள்ளே வெள்ளை விரிப்பு மெத்தையிலிருந்து எழுந்து வந்தார். டின்னிலிருந்து சிறிது எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். எந்த மலை, எந்த மாதம் பறித்தது, எத்தனை வெயில் கண்டது என்று மூக்கால் சொல்லக்கூடியவர். கடலோர மண்ணில் விளைந்த வீட்டு மிளகு அவருக்குத் தெரியாமல் இருக்காது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் மருமகனைப் பார்த்தார். சுமைக்காரர்கள் முன்னால், புதிதாக வந்திருக்கும் மருமகன்.

"மிளகு மிளகுதான்," என்றார். "அதக் கொட்டிட்டு வண்டிய எடு அண்ணாச்சி. வேல கெடக்கு."

சேட்டு அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். டின்னைக் கவிழ்த்தால் முடிந்துபோகும்; வேலை இருக்கும், பெட்டிக்கும் ஒருவேளை இடம் கிடைக்கும். ஆனால் கவிழ்த்தால் அது கிடங்கு மிளகு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். இவர் குனிந்து, சாக்கில் பரப்பியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். அவசரப்படவில்லை, வரிசை மாறவில்லை. டின்னை மூடி அதன் இடத்தில் வைத்தார். வண்டிச் சாவியை வாசல் தராசின் தட்டில் வைத்தார். பிறகு எல்லோர் முன்பாகவும் வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினார். டிரைவர் ஒருவர் உதறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ராவுத்தர் ஒரு பக்கம் பிடிக்க, பெட்டி கைவண்டியில் ஏறி இடக்கொச்சிக்குப் போயிற்று.

பஜார் ரோட்டில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அடங்காது. திருடினார் என்று யாரும் சொல்லவில்லை. 'மிளகு டின் அண்ணாச்சி' என்றார்கள், அவ்வளவுதான். வேறு சேட்டுகளிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் சாவி தரவில்லை. ஏலூரில் உர மூட்டை ஏற்றும் லாரிக்கு, வராத டிரைவருக்குப் பதில் டிரைவராகப் போனார்; வேலை உள்ள நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். நான் இடக்கொச்சிக்குப் போனபோது பெட்டி முள்முருங்கை அடியில், சாக்குப் போர்த்தி இருந்தது. அவர் வீட்டில் இல்லை.

"கொட்டச் சொன்னாங்களாமே," என்றார் அவர் மனைவி. "குப்பையா அது, கொட்ட? இந்தக் கொடிய வெட்டிப் போட்டுறவான்னு கேட்டேன். கொடி என்ன பண்ணுச்சுங்கறாரு."

மீதியை ராவுத்தர் சொன்னார். ராவுத்தர் சொன்னதில் நம்பத்தக்க பாதியைச் சொல்கிறேன்.

கோடை மழை தொடங்கிய சமயம். மலை மாவட்டத்தில் அன்று பந்த். அது தொடங்குவதற்குள் இறங்கிவிடலாம் என்று மருமகனே புது டிரைவரோடு விடியற்காலையில் மூட்டைகளோடு கிளம்பினார். பீருமேட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. கடை இல்லை, மெக்கானிக் இல்லை, வேறு வண்டி இல்லை. தார்ப்பாயும் இல்லை, அது பெட்டியோடு இடக்கொச்சிக்குப் போயிருந்தது. கோடை மழை மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும். மிளகு நனைந்தால் பூசணம். வீட்டுக்கு வந்த மருமகன் தானே ஏற்றிய முதல் சரக்கு. ஒரு எஸ்டேட் அலுவலகத்திலிருந்து டெலிபோன் வந்தது.

சேட்டு ராவுத்தரையும் ஏற்றிக்கொண்டு தன் காரிலேயே இடக்கொச்சிக்குப் போனார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "தார்ப்பாய் இருக்கா?" என்றார்.

"இருக்கு முதலாளி."

"மருமகன் மலையில நிக்கறார்."

இவர் வேறு எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் காரின் டிக்கியில் ஏற்றினார். டிக்கி மூடாததால் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, காரை அவரே ஓட்டினார். முண்டக்கயத்தில் பந்துக்காரர்கள் மறித்தார்கள். "ஆஸ்பத்திரிக் கேஸ்," என்றார் ராவுத்தர். பின்சீட்டில் சேட்டு நீட்டிப் படுத்திருந்தார், பெட்டியிலிருந்த மாற்று வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு. முனகச் சொன்னதற்கு முனகவும் செய்தாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது ராவுத்தர் சேட்டுவைப் போல முனகிக் காட்டுவார்.

வண்டியை அடைந்தபோது மேகம் தாழ்ந்திருந்தது. இவர் அடியில் படுத்து நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ஆக்சில் ஒடஞ்சிருக்கு."

"பெட்டியில ஒண்ணும் இல்லையா?" என்றார் மருமகன்.

"இல்ல, சின்ன முதலாளி. இது எனக்கு நடந்ததில்ல."

பிறகு தார்ப்பாயை எடுத்தார். சேட்டு காரில் இருக்க, மற்ற நாலு பேரும் பிடித்து மூட்டைகள் மேல் இழுத்துக் கயிற்றால் கட்டி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றார் இவர். துணியை எடுக்கப் பெட்டிக்குள் கைவிட்ட மருமகனின் கையில் டின் பட்டது. வெளியே எடுத்தார். லேசாகக் குலுக்கினார், உள்ளே சலசலத்தது. ஒரு நொடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். ராவுத்தர் பார்த்தார். இவரும் பார்த்தார்.

ரேடியேட்டர் அன்று ஒழுகவில்லை. மிளகுக்கு வேலை வரவில்லை. மறுநாள் மெக்கானிக் வந்து ஆக்சில் மாற்றினார். ஒரு மூட்டையும் நனையாமல் கிடங்குக்கு வந்தது.

அடுத்த வாரம் மருமகன் அவரை வரவழைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார். "பெட்டியும் வரட்டும்," என்றார். டின்னைப் பற்றிச் சொன்னதை மருமகனோ சேட்டுவோ திரும்பப் பெறவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை. தெருவில் அந்தப் பட்டப்பெயர் மட்டும் கொஞ்ச காலம் ஓடியது.

அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் நான் வாசலில் இருந்தேன். பெட்டி பழைய மூலையில் ஏறியது. வண்டித் தட்டின் ஓரத்தில், காயலான் கடையில் வாங்கிய பழைய ஆக்சில் ஒன்று கிரீஸ் தடவி, சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது முன்னால் இருந்தது. கேபினுக்குள், கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில், அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடி பாட்டில். கழுத்துவரை மிளகு. மிளகு முழுக்க மஞ்சள். அவர் மனைவி மஞ்சளை அரைத்து, ஒவ்வொரு மணியிலும் ஏறும்படி பிசறிக் காயவைத்திருந்தார். அப்படிப்பட்ட மிளகை உலகத்தில் எந்த வியாபாரியும் வாங்க மாட்டான். எந்த மூட்டையிலிருந்தும் அது வந்திருக்க முடியாது.

"எந்தா அண்ணாச்சி, ரேடியேட்டருக்கு மீன்கறியா?" என்றார் ராவுத்தர், பின்னால் ஏறிக்கொண்டே.

மருமகன் அன்று மலைக்கு உடன் போவதாக இருந்தது. ஏறி உட்கார்ந்தார். பாட்டில் இருவருக்கும் நடுவில், அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அதையே பார்த்தார்.

"இது என்ன?"

இவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. எப்போதும் பேசுகிற அதே குரலில், ஏற்றுமானூரில் டேங்க் ஒழுகியதைச் சொன்ன மாதிரியே சொன்னார்.

"ஒரு தடவ யாரோடதுன்னு கேட்டாங்க, சின்ன முதலாளி. அதுலருந்து."